கண்ணாடித் தகட்டில் பெண்ணின் உயிர்! டாக்டர் பாப்பனிக்கோலாவின் வாழ்க்கை வரலாறு

1913-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி. நியூயார்க் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. பிழைப்புத் தேடி வந்த ஏழை ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். அவர்களில் ஒரு இளம் தம்பதியும் இருந்தார்கள். கணவனுக்கு வயது 30. அவர் கையில் இருந்தது 250 டாலர். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் பேசத் தெரியாது.

அந்தக் கணவர் சாதாரண ஆள் அல்ல. டாக்டர் பட்டமும், ஜெர்மனியில் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். உலகமெங்கும் லட்சக்கணக்கான தாய்மார்களின் உயிரைக் காப்பாற்றிய பரிசோதனையைப் பின்னாளில் கண்டுபிடித்தவர். அவர் பெயர் ஜார்ஜ் பாப்பனிக்கோலா. அவர் பெயரைச் சுருக்கித்தான் அந்தப் பரிசோதனையை "பாப்" பரிசோதனை என்று அழைக்கிறார்கள்.

அதே பரிசோதனையைக் கவனக்குறைவாகச் செய்ததால் உயிர் இழந்த பெண்களும் உண்டு. அவர்களுக்காகக் கோர்ட்டுகளில் பெரிய வழக்குகள் நடந்தன. இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் படித்தால்தான் பாப்பனிக்கோலாவின் பெருமை முழுவதும் விளங்கும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

கிரீஸ் தேசத்தில் யூபியா என்று ஒரு தீவு. அதில் கடலோரமாகக் கூமி என்ற சிற்றூர் இருக்கிறது. 1883-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி அங்கே பாப்பனிக்கோலா பிறந்தார். தகப்பனார் ஒரு டாக்டர். மகனும் தன்னைப் போலவே டாக்டராகி, ஊரிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மகன் தகப்பனார் சொல்லைத் தட்டவில்லை. ஏதென்ஸ் சர்வகலாசாலையில் சேர்ந்து 1904-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் நாடி பிடித்துப் பார்த்து மருந்து எழுதிக் கொடுப்பதில் அவர் மனம் ஒட்டவில்லை. உயிர் என்பது எப்படி இயங்குகிறது என்று ஆராய வேண்டும் என்ற ஆவல் அவரைப் பிடித்து ஆட்டியது. ஜெர்மனிக்குச் சென்றார். 1910-ல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் ஆந்திரோமாகி என்ற பெண்ணை மணந்தார். எல்லோரும் அந்த அம்மாளை மேரி என்று அழைத்தார்கள். இந்தக் கதையில் பாதிப் பங்கு மேரி அம்மாளுடையது.

1912-ல் பால்கன் யுத்தம் மூண்டது. பாப்பனிக்கோலா கிரேக்கப் படையில் டாக்டராகச் சேர்ந்தார். அமெரிக்காவில் குடியேறிய கிரேக்கர்கள் பலர் தாய்நாட்டுக்காகச் சண்டையிட வந்திருந்தார்கள். உழைக்கிறவனுக்கு அமெரிக்காவில் வாழ்வு உண்டு என்று அவர்கள் சொல்லக் கேட்டார். யுத்தம் முடிந்ததும் மனைவியுடன் கப்பல் ஏறி விட்டார்.

கம்பளம் விற்ற டாக்டர்

அமெரிக்காவில் யாரும் அவரை வரவேற்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வழி தேட வேண்டியதாயிற்று. ஒரு பெரிய கடையில் மேரி அம்மாள் துணிகளுக்குப் பித்தான் தைத்தார். பாப்பனிக்கோலா அதே கடையில் கம்பளம் விற்றார். ஓட்டல்களில் வயலின் வாசித்தார். கிரேக்க மொழிப் பத்திரிகை ஒன்றில் குமாஸ்தா வேலை பார்த்தார்.

ஆனாலும் நம்பிக்கையைக் கைவிடவில்லை. ஜெர்மனியில் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை, தாமஸ் ஹண்ட் மார்கன் என்ற பெரிய விஞ்ஞானி படித்திருந்தார். அவருடைய சிபாரிசால் 1914-ல் நியூயார்க் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கிருந்து கார்னெல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஏறக்குறைய 47 ஆண்டுகள் உழைத்தார். மேரி அம்மாளும் கடை வேலையை விட்டு விட்டுக் கணவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். அதற்குச் சம்பளம் கிடையாது.

சிறு பிராணி காட்டிய வழி

கினிப்பன்றி என்ற சிறு பிராணியை வைத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி நடந்தது. பெண் பிராணியின் கருமுட்டை எந்த நேரத்தில் முதிர்கிறது என்று பாப்பனிக்கோலாவுக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிந்து கொள்ளப் பிராணியைக் கொன்று வயிற்றை அறுத்துப் பார்ப்பதுதான் அதுவரை வழக்கம்.

கொல்லாமலே தெரிந்து கொள்ள முடியாதா என்று அவர் யோசித்தார். மூக்கைப் பரிசோதிக்க டாக்டர்கள் உபயோகிக்கும் சிறு கருவியைக் கொண்டு, பிராணியின் பிறப்புறுப்பிலிருந்து கசிவைச் சிறிது எடுத்தார். அதைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். நாளுக்கு நாள் உயிரணுக்களின் வடிவம் மாறுவது தெளிவாகத் தெரிந்தது. 1917-ல் இந்தச் செய்தியைச் சக ஆராய்ச்சியாளர் ஸ்டாக்கார்டுடன் சேர்ந்து பிரசுரம் செய்தார்.

பிராணிக்கு உண்டென்றால் மனுஷிக்கும் உண்டல்லவா? முதலில் பரிசோதனைக்கு இசைந்தவர் மேரி அம்மாளே. பல ஆண்டுகள் அவர் இடைவிடாமல் தம்மைப் பரிசோதனைக்கு உட்படுத்திக் கொண்டார். கணவரின் ஆராய்ச்சிக்காகத் தம் உடம்பையே கொடுத்தார் என்று சொல்லலாம். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. சோதனைக்கூடமே வீடாக இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களிடமிருந்தும் கசிவு எடுத்துப் பார்த்தார். ஒரு நாள், ஒரு தகட்டில், விகாரமான உயிரணுக்கள் கண்ணில் பட்டன. கரு பெருத்து, உருவம் கோணலாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் இருந்தது! கத்தி வைக்காமலே புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியும் என்று அவர் அறிந்து கொண்டது அப்போதுதான்.

யாரும் நம்பவில்லை

1928-ம் ஆண்டு ஜனவரியில் மிச்சிகன் மாகாணத்தில் நடந்த ஒரு மகாநாட்டில் இதை எடுத்துச் சொன்னார். டாக்டர்கள் காதில் போட்டுக் கொள்ளவில்லை. சதையை வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோய் தெரியும், உதிர்ந்த உயிரணுவைப் பார்த்து என்ன சொல்ல முடியும் என்பது அவர்கள் அபிப்பிராயம். ஏறக்குறைய அதே சமயத்தில் ருமேனியாவில் ஆரல் பாபேஷ் என்ற டாக்டரும் இதைப் போன்ற ஒரு முறையைக் கண்டார். அதுவும் அப்போது எடுபடவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் பாப்பனிக்கோலா பொறுத்திருந்தார். 1939-ல் அவருக்கு ஒரு நல்ல துணை கிடைத்தது. ஹெர்பர்ட் டிராட் என்ற மகளிர் வைத்திய நிபுணர் அவருடன் சேர்ந்தார். நியூயார்க் ஆஸ்பத்திரியில் மகளிர் பகுதிக்கு வரும் பெண்கள் அனைவருக்கும் இந்தப் பரிசோதனை செய்யப்பட்டது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடிக் கொண்டிருந்த பெண்களிடம்கூட நோய் தென்பட்டது.

1941-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். 1943-ல் புத்தகம் வந்தது. ஹஷிமே முரயாமா என்ற ஜப்பானிய ஓவியர் அதற்கு உயிரணுக்களின் படங்களை வர்ணத்தில் வரைந்து கொடுத்தார். இந்தத் தடவை வைத்திய உலகம் தலை வணங்கியது.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

கர்ப்பப்பையின் கீழ்ப் பகுதிக்குக் கருப்பை வாய் என்று பெயர். புற்றுநோய் அங்கே ஒரே நாளில் வந்து விடுவதில்லை. முதலில் உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும்.

அந்த இடைக்காலத்தில் கண்டுபிடித்து விட்டால், கெட்டுப் போன சிறு பகுதியை மட்டும் அகற்றினால் போதும். பெண் பிழைத்துக் கொள்வாள். பிள்ளையும் பெறலாம். தவற விட்டால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரும், அல்லது உயிரே போய் விடும்.

பாப் பரிசோதனையில் கருப்பை வாயை இலேசாக வழித்து, கிடைத்ததைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயம் ஏற்றுகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் அதைப் பார்க்கிறார். ஒரு தகட்டில் ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் இருக்கும். அவற்றில் கெட்டவை பத்தோ இருபதோதான் இருக்கலாம். நெல் குவியலில் நாலு கல்லைப் பொறுக்குவது போன்ற வேலை. கண் அசந்தால் கல் தப்பி விடும்.

இது பாப்பனிக்கோலாவுக்கு நன்றாகத் தெரியும். ஆகையால்தான் 1947-ல் கார்னெல் கல்லூரியில் பயிற்சி வகுப்புத் தொடங்கினார். முடிவுகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பு, குறை எதுவும் இல்லை. ஐந்தாவது வகுப்பு, புற்றுநோய் நிச்சயம். நடுவில் மூன்றாவது வகுப்பை ஒதுக்கி வைத்தார். அது சந்தேகத்துக்கு உரிய இடம். நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றால் அந்தத் தகடு இங்கேதான் போக வேண்டும். சந்தேகம் உள்ளதைச் சுத்தம் என்று எழுதக் கூடாது. 1988-க்குப் பிறகு இந்த ஐந்து வகுப்புகளுக்குப் பதிலாக வேறு முறை வந்து விட்டது. ஆனால் அதிலும் சந்தேகத்துக்குத் தனி இடம் உண்டு.

ஓய்வறியாத உழைப்பு

பாப்பனிக்கோலா விடுமுறை எடுப்பது மிக அபூர்வம். 1950-ல் அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பரிசான லாஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசுக்குப் பல தடவை அவர் பெயர் சொல்லப்பட்டது. கிடைக்கவில்லை.

1961-ம் ஆண்டு நவம்பரில், 78-வது வயதில், மயாமி நகரில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராகப் போனார். அங்கே மூன்று மாதம்தான் இருந்தார். 1962-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி மாரடைப்பால் காலமானார். அந்த நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். மேரி அம்மாள் அதன் பின்னும் கணவர் விட்டுச் சென்ற பணிக்குத் துணையாக இருந்து, 1982-ல் காலமானார்.

பரிசோதனை பரவிய நாடுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பவர் தொகை பாதிக்கும் கீழே குறைந்தது. ஆனால் பரிசோதனை பெருகப் பெருக, அவர் பயந்த ஆபத்தும் வந்து சேர்ந்தது.

தகட்டுக்கு இத்தனை காசு!

1987-ல் அமெரிக்கப் பத்திரிகையான வால் ஸ்டிரீட் ஜர்னல் ஒரு பயங்கரத்தை அம்பலப்படுத்தியது. சில சோதனைக்கூடங்களில், தகடு ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று கூலி பேசி வேலை வாங்கினார்கள். அதிகத் தகடு பார்த்தால் அதிகக் கூலி. சிலர் தகடுகளை வீட்டுக்கே எடுத்துச் சென்று பார்த்தார்கள். நோய் இருந்த தகடுகள் நோய் இல்லை என்று திரும்பி வந்தன. இதை எழுதிய வால்ட் போக்டனிச் என்ற நிருபருக்கு 1988-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அதே ஆண்டில் அமெரிக்கப் பார்லிமெண்டு புதுச் சட்டம் செய்தது. அதன்படி, ஒருவர் 24 மணி நேரத்தில் 100 தகடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. நோய் இல்லை என்று எழுதிய தகடுகளில் பத்தில் ஒரு பங்கையாவது இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பெண்ணுக்குப் புதிதாகப் பெரிய கோளாறு தென்பட்டால், அவளுடைய முந்திய ஐந்து ஆண்டுத் தகடுகளை எடுத்துப் புரட்ட வேண்டும்.

சட்டம் வருவதற்குள் சிலருக்குக் காலம் கடந்து விட்டது. மில்வாக்கி நகரில் இரண்டு பெண்களின் தகடுகள் தவறாகப் படிக்கப்பட்டிருந்தன. இருவரும் நோய் முற்றி இறந்தார்கள். 1995-ல் அந்தச் சோதனைக்கூடத்தின் மீது உயிர்ச் சேதம் விளைவித்ததாகக் கிரிமினல் வழக்கே தொடரப்பட்டது. சோதனைக்கூடம் எதிர்வாதம் செய்யவில்லை. அபராதம் விதிக்கப்பட்டது.

மூன்று கேள்விகள்

இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தவறு தெரிய வந்தது. 1990 முதல் 1995 வரை பார்த்த தகடுகள் ஏறத்தாழ 90 ஆயிரத்தை மறுபடியும் பரிசோதித்தார்கள். தவறான முடிவுகள் ஏராளமாக வெளிப்பட்டன. மூன்று பெண்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட வழக்கில் ஜெயிப்பது சுலபம் அல்ல. தகட்டைப் படித்ததில் தவறு என்று காட்டினால் மட்டும் போதாது. எந்தப் பரிசோதனையிலும் சில நோய்கள் தப்பி விடும். நோய் வந்த பிறகு திரும்பிப் பார்க்கிறவனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். முதலில் பார்த்தவனுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே பிழை வேறு, அசட்டை வேறு. அசட்டையால் வந்த பிழைக்குத்தான் சட்டம் நஷ்டஈடு கொடுக்கும். அந்தப் பிழையால்தான் கெடுதல் விளைந்தது, அன்றே கண்டிருந்தால் சிறு சிகிச்சையில் முடிந்திருக்கும் என்றும் காட்ட வேண்டும்.

கோர்ட்டு மூன்று கேள்விகளை எடுத்துக் கொண்டது. தகட்டில் பார்க்கக் கூடியது என்ன இருந்தது? திறமையுள்ள ஒருவர் அதைக் காணாமல் விட்டிருக்க முடியுமா? கண்ட பிறகு, குறை இல்லை என்று எழுதியிருக்க முடியுமா?

ஆஸ்பத்திரி தரப்பு, நிபுணர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்கிறதே என்று வாதாடியது. நீதிபதி ஏற்கவில்லை. தகட்டில் கோளாறு எதுவும் இல்லை என்று பூரண நிச்சயம் இருந்தால் மட்டுமே குறை இல்லை என்று எழுத வேண்டும். துளி சந்தேகம் இருந்தாலும் அடுத்த நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இதுவே அந்தத் தொழிலில் உள்ளவர்கள் தாங்களே ஒப்புக் கொண்ட விதி என்று அவர் முடிவு செய்தார். 1999-ல் மூன்று பெண்களும் ஜெயித்தார்கள். அப்பீல் கோர்ட்டும் அதே ஆண்டில் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

பாப்பனிக்கோலா மூன்றாவது வகுப்பில் எழுதி வைத்ததும் இதுதானே! சோதனைக்கூடத்தில் அவர் வகுத்த ஒழுங்கு, அவர் இறந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு கோர்ட்டில் தீர்ப்பாக வந்தது.

வாய்ப்பூட்டை மறுத்த வீரப் பெண்

அயர்லாந்தில் விக்கி ஃபீலன் என்ற அம்மாளின் கதை கல் நெஞ்சையும் கரைக்கும். 2011-ல் அவருக்குப் பாப் பரிசோதனை நடந்தது. அமெரிக்காவில் உள்ள ஒரு சோதனைக்கூடம் தகட்டைப் பார்த்து, குறை இல்லை என்றது. 2014-ல் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஆண்டே பழைய தகட்டை மறுபடி எடுத்துப் பார்த்ததில், முதல் முடிவு தவறு என்று தெரிந்து விட்டது. ஆனால் அந்தச் செய்தி அவருக்கு 2017-ல்தான் சொல்லப்பட்டது!

அவர் இரண்டு குழந்தைகளின் தாய். வாழ்நாள் எண்ணப்பட்டு விட்டது என்று தெரிந்தும் கோர்ட்டுக்குப் போனார். 2018-ம் ஆண்டு ஏப்ரலில் வழக்கு ராஜியில் முடிந்தது. சோதனைக்கூடம் பொறுப்பை ஒப்புக் கொள்ளாமலே 25 லட்சம் யூரோ கொடுத்தது. விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று நிபந்தனை போடப் பார்த்தார்கள். அவர் மறுத்து விட்டார். மறுத்ததால்தான் மற்றப் பெண்களுக்கு உண்மை தெரிந்தது. மறுபடி பார்த்ததில் பழைய தகட்டின் முடிவு மாறிய பெண்கள் 200 பேருக்கு மேல் என்றும், அவர்களில் பெரும்பாலோருக்கு அது சொல்லப்படவில்லை என்றும் வெளிவந்தது. நாடே கொதித்தது.

2020-ல் வேறொரு பெண்ணின் வழக்கில், அயர்லாந்து சுப்ரீம் கோர்ட்டும் பூரண நிச்சயம் வேண்டும் என்ற விதியை ஆதரித்தது. விக்கி ஃபீலன் 2022-ம் ஆண்டு நவம்பரில் காலமானார். அடுத்த ஆண்டில், பெரிய தவறு நேர்ந்தால் நோயாளியிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது.

தாய்மார்கள் அறிய வேண்டியது

பாப்பனிக்கோலாவுக்குப் பின் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசன் கண்டு சொன்னார். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2006 முதல் தடுப்பு ஊசி வந்தது. அந்தக் கிருமி இருக்கிறதா என்று நேராகப் பார்க்கும் பரிசோதனையும் வந்து விட்டது. பல தேசங்களில் முதலில் அதைச் செய்து, கிருமி இருந்தால் மட்டும் பாப் பரிசோதனை செய்கிறார்கள்.

எந்தப் பரிசோதனையானாலும் ஒரு தடவை செய்து கொண்டு விட்டோம் என்று இருந்து விடக் கூடாது. டாக்டர் சொன்ன கெடுவில் மறுபடியும் செய்ய வேண்டும். முடிவு என்ன என்று கேட்டு, அந்தக் காகிதத்தை வாங்கிப் பத்திரமாக வைக்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, தாம்பத்தியத்துக்குப் பின் பட்டாலோ, முந்திய காகிதத்தில் குறை இல்லை என்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் நோய் வளர்ந்து கொண்டே போகும்.

கிரீஸ் தேசம் தன் மகனை மறக்கவில்லை. 1995-ல் அவர் படம் போட்ட 10,000 டிராக்மா நோட்டு வெளியிட்டது. கம்பளம் விற்றுப் பிழைத்த மனிதரின் முகம் கிரேக்க மக்களின் கையில் பணமாகப் புழங்கியது. இன்று அந்த நோட்டு புழக்கத்தில் இல்லை. ஆனால் சந்தேகம் உள்ளதைச் சுத்தம் என்று எழுதாதே என்ற அவருடைய பாடம் மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய பாடம். அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் தாய் இருக்கிறாள்.